என்-2-க்கு மேல் பாலம் எப்போது வரும்? சாலை முடிவுகளுக்குள் கட்சி அரசியல் நுழையும் இடங்கள்

பெரிய வெள்ளியன்று காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலிருந்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருப்பது நகராட்சித் தெரு. அடுத்து ஹிகின்சன் நெடுஞ்சாலை, பலகையில் எம்-1. அங்கிருந்து வளைந்து இறங்கினால் என்-2 தேசிய நெடுஞ்சாலை. கோயில் பக்கம் திரும்பியதும் மறுபடி உள்ளூர்ச் சாலை. ஓட்டுபவருக்கு எல்லாம் ஒரே தார்தான். ஆனால் அந்தச் சிறு பயணத்துக்குள்ளேயே சாலையின் சொந்தக்காரர் மாறுகிறார், பணம் வரும் பெட்டி மாறுகிறது, பதில் சொல்ல வேண்டிய அரசியல்வாதியும் மாறுகிறார்.

“இந்தச் சந்திப்பில் ஏன் இன்னும் மேம்பாலம் கட்டவில்லை?” என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சாலை யாருடையது என்பதை. தென்னாப்பிரிக்காவில் என் எழுத்துச் சாலைகள் தேசிய அரசின் சன்ரல் நிறுவனத்திடம் இருக்கின்றன. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிறுவனம் அது. தேசியப் போக்குவரத்து அமைச்சருக்குக் கீழ் வருகிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் பி எண் உள்ளவை மாகாணச் சாலைகள். எம் எண் உள்ளவை நகர வழித்தடங்கள், பெரும்பாலும் டர்பனை ஆளும் எதெக்வினி நகராட்சியின் பொறுப்பு. ஆனால் பலகையில் உள்ள எண் வழி காட்டத்தான், உரிமையைக் காட்ட அல்ல. ஆர் எண் போட்ட சாலை சில இடங்களில் மாகாணத்திடமும் சில இடங்களில் சன்ரலிடமும் இருக்கும். ஆகவே புகார் எழுதும் முன் உரிமையாளர் யார் என்று நகராட்சியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதங்கள் பல மாதம் அங்கேயே கிடக்கும்.

இந்த மூன்று அரசுகளையும் ஒரே கட்சி ஆள வேண்டும் என்பதில்லை. 2024 மே 29 தேர்தலில் ஏ.என்.சி. (ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்) நாடாளுமன்றப் பெரும்பான்மையை இழந்தது. தேசிய அளவில் பல கட்சிக் கூட்டணி அமைந்தது. குவாசூலு-நடாலில் அதிக இடம் பிடித்தது எம்.கே. கட்சி. ஆனால் ஐ.எஃப்.பி., ஏ.என்.சி., டி.ஏ., என்.எஃப்.பி. ஆகிய நான்கு கட்சிகளும் சேர்ந்து 80-இல் 41 இடங்களோடு மாகாண அரசை அமைத்தன, ஐ.எஃப்.பி.க்காரர் மாகாண முதல்வரானார். எதெக்வினி மன்றத்தின் 222 இடங்களில் 2021-இல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒரு தேசியச் சாலையும் ஒரு நகரச் சாலையும் சந்திக்கும் இடத்தில் பாலம் கட்ட வேண்டுமென்றால் இவர்களில் குறைந்தது இரு தரப்பாவது ஒரே காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். செலவில் யாருக்கு எவ்வளவு, கட்டியபின் விளக்கு எரிவது யார் செலவில், வடிகால் அடைத்தால் யார் வந்து பார்ப்பது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலை நகராது.

பாதையின் கோடு எங்கே போக வேண்டும் என்பதில் இன்று கட்சிகளின் கை ஓரளவுக்குத்தான் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் நிலமும் வண்டி எண்ணிக்கையுமே முடிவு செய்கின்றன. கட்சிகளின் கை ஓங்கி நிற்பது வேறு மூன்று இடங்களில்: வேலை எப்போது தொடங்கும், யார் காசில் நடக்கும், யாருக்கு ஒப்பந்தம் போகும்.

(பாதையின் கோட்டையே அரசியல் போட்ட காலமும் இருந்தது. 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்படி இந்தியர்களை ஊர் ஊராகக் கிளப்பிக் கொண்டுபோய்ச் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியபோது, வெள்ளையர் பகுதிகளுக்கும் கறுப்பினத்தவர் குடியிருப்பான உம்லாசிக்கும் நடுவில் அந்தக் குடியிருப்பை இடைவெளியாக வைத்தார்கள். பெருஞ்சாலைகளும் பள்ளத்தாக்குகளும் வேலி போலப் பயன்பட்டன. அடுத்தடுத்த பகுதிகளிலிருந்து நேரே குறுக்கே போக இன்றும் வழிகள் குறைவாக இருப்பதற்கு அந்தக் காலத்துக் கோடுகளும் ஒரு காரணம்.)

பொறியாளர் சொல்வதும் மேடையில் சொல்வதும்

மேம்பாலம் எதற்கு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சிக்னலில் பச்சை தொடர்ந்து எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,900 வண்டிகள் போகும். குறுக்குச் சாலைக்கும் வலப்பக்கம் திரும்புபவர்களுக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தபின் நமக்குக் கிடைப்பது சுழற்சியில் 40 சதவீதம் என்றால், அதே தடம் 760 வண்டிகளைத்தான் கடத்தும். மேலே பாலம் போட்டு நேராகப் போகும் வண்டிகளைப் பிரித்துவிட்டால் அந்தத் தடம் முழுக் கொள்ளளவுக்குத் திரும்பிவிடும். மேம்பாலத்தின் பலம் இவ்வளவுதான்.

அதன் பலவீனமும் அதே கணக்கிலிருந்து வருகிறது. 1,900 வண்டிகளை விடுவித்து அடுத்த சிக்னலில் கொண்டு நிறுத்தினால், அங்கே 760-தான் கடக்கும். வரிசை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவே. அதனால் நல்ல பொறியாளர் ஒரு சந்திப்பை மட்டும் பார்க்கமாட்டார். முழுத் தடத்தையும் எண்ணச் சொல்வார். முதலில் சிக்னல் நேரத்தை மாற்றிப் பார்ப்பார், திரும்பும் வண்டிகளுக்குத் தனித் தடம் சேர்த்துப் பார்ப்பார், பேருந்துக்கும் டாக்சிக்கும் ஒதுங்கி நிற்க இடம் கொடுத்துப் பார்ப்பார். இவையெல்லாம் சில மாதங்களில் முடியும், செலவும் குறைவு. ஆனால் சிக்னல் நேரத்தை மாற்றியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை, நாடா வெட்டுவதில்லை. மலிவான தீர்வுகள் பட்டியலில் பின்னுக்குப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். மக்களும் இதில் பங்காளிகள்தான்: கூட்டத்தில் “மேம்பாலம் வேண்டும்” என்று கேட்கிறோமே தவிர, “மாலை நெரிசல் நேர எண்ணிக்கையைக் காட்டுங்கள்” என்று கேட்பதில்லை.

கால அளவையும் பாருங்கள். சாத்திய ஆய்வுக்கு ஓரிரண்டு வருடம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு முழு அளவில் தேவைப்பட்டால் சட்டம் கொடுக்கும் காலமே சுமார் 300 நாள்; மேல்முறையீடு வந்தால் இன்னும் இழுக்கும். பிறகு நிலம் எடுக்க வேண்டும், தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். டெண்டருக்கு ஏறக்குறைய ஒரு வருடம். கட்டுவதற்கு மூன்று நான்கு வருடம். ஒரு பெரிய சந்திப்பு மேம்பாலம் தாளிலிருந்து தார் ஆவதற்கு ஏழு முதல் பத்து வருடம் ஆகும். தேர்தலோ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உள்ளாட்சித் தேர்தல் வேறு நடுவில் வந்து நிற்கும். எந்தக் கட்சியும் தான் தொடங்கியதைத் தானே திறப்பது அரிது. அதனால்தான் அடிக்கல் நாட்டும் விழாக்கள் தேர்தலுக்கு முன் கூடுகின்றன. ஆய்வும் நிலமெடுப்பும் போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகள் அடுத்தவருக்கு என்று தள்ளப்படுகின்றன. நிலம் கையில் வராமல் டெண்டர் விட்டு, ஒப்பந்தக்காரர் இயந்திரங்களோடு வந்து நின்று, சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு கேட்பது இந்த அவசரத்தின் நேரடி விளைவு.

யார் காசு?

சாலைக்குப் பணம் வரும் வழிகள் இரண்டுதான்: எல்லோருடைய வரி, அல்லது அந்தச் சாலையில் போகிறவர்களின் சுங்கம். எரிபொருள் வரி சாலைக்கே போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொது எரிபொருள் வரி தேசிய வருவாய் நிதியில் மற்ற வரிகளோடு கலந்துவிடுகிறது. அதிலிருந்து சாலைக்கு எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்தான் சொல்கிறது. கலந்த பணத்தை எங்கே திருப்புவது என்பது முழுக்க அரசியல் முடிவு.

சுங்கத்தின் கதையைக் கௌடெங் மாகாணத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 2010 உலகக் கோப்பையை ஒட்டி ஜோகன்னஸ்பர்க்–பிரிட்டோரியா பெருஞ்சாலைகளில் சுமார் 200 கிலோமீட்டரைக் கடன் வாங்கி அகலப்படுத்தினார்கள். கடனை அடைக்க மின்னணுச் சுங்கம் 2013 டிசம்பர் 3 அன்று தொடங்கியது. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆளும் கட்சியின் கூட்டாளியான கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பும் எதிர்த்தது. பின்னர் ஏ.என்.சி.யின் மாகாணக் கிளையே தன் தேசியத் தலைமைக்கு எதிராக நின்றது. 2014 தேர்தலில் அந்த மாகாணத்தில் ஏ.என்.சி.யின் வாக்கு 64 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. சுங்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. என்றாலும் அந்த எண் மாகாணத் தலைவர்களை எப்படி உலுக்கியிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். பெரும்பாலான ஓட்டுநர்கள் பில்லைக் கட்டவே இல்லை. 2022 அக்டோபரில் நிதியமைச்சர், சன்ரலின் கடனில் 70 சதவீதத்தைத் தேசிய அரசும் 30 சதவீதத்தைக் கௌடெங்கும் ஏற்கும் என்று அறிவித்தார். சாலையின் மேல் நின்ற சுங்கக் கருவி வளைவுகள் கடைசியில் அணைக்கப்பட்டது 2024 ஏப்ரல் 11 நள்ளிரவில். தேர்தலுக்கு ஏழு வாரம் இருந்தது.

“கட்சி அரசியல்” என்றால் ஒரு கட்சிக்கு எதிராக இன்னொரு கட்சி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். ஒரே கட்சிக்குள் தேசியக் கிளையும் மாகாணக் கிளையும் வெவ்வேறு வாக்காளர்களுக்குப் பதில் சொல்கின்றன. சாலைச் சண்டைகளில் அந்த விரிசல்தான் பல நேரம் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. இன்னொன்று: சுங்கம் நின்றதால் கடன் மறையவில்லை. டர்பனில் பஸ்ஸில் போகும் ஒருவரும் அந்தப் பெருஞ்சாலைக்கு இப்போது தன் வரியில் ஒரு துளி கொடுக்கிறார்.

கேப் டவுனில் வேறு மாதிரி நடந்தது. நகரிலிருந்து வெளியே போகும் என்-1, என்-2 பகுதிகளைச் சுங்கச் சாலையாக அறிவித்தார்கள். தேசிய அரசு ஏ.என்.சி. கையில், நகராட்சி டி.ஏ. கையில். நகராட்சி நீதிமன்றம் போனது. சுங்கச் சாலை அறிவிக்கும் முன் அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்டு, மாகாணத்திடமும் நகராட்சியிடமும் கருத்து வாங்கி, பிறகு அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்கும் விதத்தில் முடிவு எடுக்கப்படவில்லை என்று சொல்லி 2015-இல் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆட்சிகள் வேறு கட்சிகளின் கையில் இருந்ததால்தான் வழக்கு நடத்தப் பணமும் மனமும் இருந்தன என்பது நம் கணிப்பு. வென்றதோ நடைமுறை வாதம்தான். 30 நாள் கருத்துக் காலத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

டெண்டரில் 90-ம் 10-ம்

50 மில்லியன் ராண்டுக்கு மேற்பட்ட அரசு டெண்டரில் விலைக்கு 90 புள்ளி, “குறிப்பிட்ட இலக்குகளுக்கு” (ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தருவது போன்றவை) 10 புள்ளி. அதற்குக் கீழ் 80-ம் 20-ம். குறைந்த விலை சொன்னவருக்கு 90-ம் முழுதாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு எத்தனை சதவீதம் கூடுதலோ அந்த விகிதத்தில் 90-இல் குறையும்.

போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு பில்லியன் (நூறு கோடி) ராண்டுக்கு முன்வருகிறார். விலைப் புள்ளி 90. மற்றவர் 1.05 பில்லியன் கேட்கிறார், அதாவது 5 சதவீதம் கூடுதல், அவருக்கு 85.5. இலக்குப் புள்ளியில் முதலாமவர் 2 பெற்று இரண்டாமவர் 8 பெற்றால் கூட்டுத்தொகை 92-க்கு எதிராக 93.5. ஐந்து கோடி ராண்ட் அதிகம் கேட்டவர் வெல்கிறார். 10 புள்ளியை முழுதாக விலையாக மாற்றினால் 11.1 சதவீதம் வரும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நிறவெறி ஆட்சி ஒதுக்கி வைத்தவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது நியாயமான நோக்கம், நாம் அதை ஆதரிக்கிறோம். ஆனால் அந்த 10 புள்ளியை எதற்கு ஒதுக்குவது என்று எழுதும் பேனா அரசு அமைப்பின் கையில் இருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் படிக்க வேண்டிய முதல் பக்கம் அதுதான். (2024-இல் புதிய பொதுக் கொள்முதல் சட்டம் கையெழுத்தாகியிருக்கிறது, அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது இந்தக் கணக்கு மாறக்கூடும்.)

நல்ல நோக்கத்தோடு எழுதிய விதி களத்தில் எப்படித் திரிந்தது என்பதற்கு 30 சதவீதக் கதை போதும். 2017-இல் வந்த ஒழுங்குவிதி, 30 மில்லியன் ராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், முடிந்த இடங்களில் குறைந்தது 30 சதவீதத்தைக் கறுப்பினத்தவர், பெண்கள், இளைஞர் போன்ற பிரிவினரின் சிறு நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்றது. டர்பன் வட்டாரத்தில் தலையெடுத்திருந்த “பிசினஸ் ஃபோரம்” குழுக்கள் அதைத் தங்கள் உரிமைப் பங்காக எடுத்துக்கொண்டு, ஆட்களோடு களத்துக்கு வந்து வேலையை நிறுத்தின. அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. விதியில் “குழுவுக்குக் கொடு” என்று எந்த வரியும் இல்லை. 2022 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஒழுங்குவிதிகள் செல்லாது என்றது. 2023 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த புதியவற்றில் 30 சதவீதம் இல்லை. களத்தில் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் குவிந்த திட்டம் என்-2 காட்டுக் கடற்கரைச் சாலை. டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் இடையே சுமார் 85 கிலோமீட்டர் மிச்சமாகும் என்று போடப்படும் வழி அது. முதலில் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியை, மதிப்பீடு செய்த ஆலோசகர் சுதந்திரமானவர் அல்ல என்ற காரணத்தால் 2004 டிசம்பரில் அமைச்சர் ரத்து செய்தார். மதிப்பீடு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மேல்முறையீடுகள் தீர 2011 ஆகிவிட்டது. செலவில் ஒரு பங்கை டர்பனுக்குத் தெற்கே என்-2-இல் சுங்கம் வைத்து எடுக்கும் யோசனையும் நடுவில் இருந்தது. தினமும் வேலைக்குப் போகும் நாங்கள் ஏன் தொலைதூரச் சாலைக்குக் கட்ட வேண்டும் என்று தென் டர்பன் மக்கள் உறுதியாக எதிர்த்தார்கள்.

அந்த வழியில் இரண்டு பெரிய பாலங்கள். ம்சிகாபா பள்ளத்தாக்கின் மேல் கம்பிகள் தாங்கும் 580 மீட்டர் பாலம். ம்டெண்டு ஆற்றின் மேல் 1.1 கிலோமீட்டர் நீளமும் 223 மீட்டர் உயரமும் கொண்ட பாலம். ம்டெண்டு வேலை சுமார் 1.6 பில்லியன் ராண்டுக்குத் தரப்பட்டது. 2018 அக்டோபரில் உள்ளூர்ப் போராட்டத்தால் களம் மூடியது. 2019 தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். மறு டெண்டர் வந்தது. 2022 மே மாதம் சன்ரல் நிர்வாகக் குழு ஐந்து டெண்டர்களை மொத்தமாக ரத்து செய்தது; மதிப்பு சுமார் 17.4 பில்லியன் ராண்ட். வடிவமைத்த ஆலோசகர்கள் டெண்டரை மதிப்பிடுவதிலும் இருக்கக் கூடாது என்று குழு முன்பே எடுத்த முடிவு பின்பற்றப்படவில்லை என்பது காரணம். அந்த ஐந்தில் ம்டெண்டும் இருந்தது. டர்பனில் என்-2-ம் என்-3-ம் சந்திக்கும் ஈ.பி. குளோட்டே சந்திப்பு மேம்பாலமும் இருந்தது. ம்டெண்டு கடைசியில் மறுபடி ஒப்பந்தமானபோது தொகை 4 பில்லியனைத் தாண்டிவிட்டது. பாலம் அதே பாலம், பள்ளத்தாக்கு அதே பள்ளத்தாக்கு. இடையில் ஓடிய வருடங்களில் எஃகும் சிமெண்டும் எரிபொருளும் விலை ஏறின. ஆபத்துக்கென்று ஒப்பந்தக்காரர்கள் சேர்க்கும் தொகையும் ஏறியது. அந்த வித்தியாசத்தில் எத்தனை கிராமச் சாலைகளுக்குத் தார் போட்டிருக்கலாம் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

உங்கள் சந்திப்புக்கு

வார்டு கவுன்சிலரிடம் என்-2-இல் இறங்குபாதை கேட்டுப் பயனில்லை. அது அவர் மன்றத்தின் சொத்தே அல்ல. ஆனால் நகராட்சி அதைத் தன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கும்படி அவரைக் கேட்கலாம். அந்தப் பதிவு இருந்தால்தான் சன்ரலோடு செலவைப் பகிரும் பேச்சே தொடங்கும்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. தேசிய, மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1-இல். இந்த மூன்று மாத இடைவெளியிலேயே பகிர்வுத் திட்டங்கள் பல தடுமாறுகின்றன: ஒரு பக்கத்துப் பணம் தயாராக இருக்கும்போது மறுபக்கத்துப் பணம் இன்னும் ஒப்புதலாகியிருக்காது. நகராட்சி வரைவு பட்ஜெட் மார்ச் மாத முடிவுக்குள் மன்றத்துக்கு வந்தாக வேண்டும். அதில் மூலதனச் செலவு அட்டவணையைத் திறந்து உங்கள் திட்டத்தின் பெயரைத் தேடுங்கள். மூன்று ஆண்டுக்கான பத்திகள் இருக்கும். முதல் ஆண்டுப் பத்தியில் தொகை இருந்தால் வேலை நடக்க வாய்ப்பு உண்டு. மூன்றாம் ஆண்டில் மட்டும் இருந்தால் அது வெறும் உத்தேசம். அடுத்த வருடம் அதே திட்டம் மறுபடி மூன்றாம் ஆண்டில் நிற்பதைப் பார்க்கலாம். சென்ற வருட ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொகைக்கு எதிரே “வடிவமைப்பு” என்று இருக்கிறதா “கட்டுமானம்” என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேடைப் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

வண்டி எண்ணிக்கை, சாத்திய ஆய்வு அறிக்கை, செலவுப் பகிர்வு ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்போர் சங்கம் என்ற பெயரில் கேட்டால் கூடுதல் கவனம் கிடைக்கும். மே முடிவுக்குள் மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றிவிடும். அதைத் தவறவிட்டால், ஆண்டின் நடுவில், பிப்ரவரி முடிவுக்குள் வரும் திருத்த பட்ஜெட்டில்தான் உங்கள் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை மறுபடி தொட முடியும்.